வாயில் புகை வராத பனி

ஹீரோ கையெறி குண்டின் பின்னைப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பிவிட்டான், இன்னும் ஒருத்தரும் கத்தவில்லை. பல்லால் இழுத்தால் பின் வராது, பல்தான் வரும், ராணுவத்தின் வாசலைக்கூட மிதிக்காத எனக்கே இது தெரியும். முன்னால் மூணாவது வரிசை முழுக்க மாமாக்கள், எல்லாரும் ரிட்டயர்டு மிலிட்டரி, வழுக்கையும் நரையும் நடுவில் ஒரு குரங்குக் குல்லாவுமாகத் தெரிகிறார்கள், ஒரு தலைகூட அசையவில்லை. கத்துங்க மாமா. யாராவது ஒருத்தராவது கத்துங்க. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் மிலிட்டரி. சண்டைப் படம் எது வந்தாலும் முதல் நாள் மேட்னி, வள்ளி தியேட்டர் மூணாவது வரிசை அவர்களுடையது. படம் பார்க்க என்று யாரும் வருவதில்லை, தப்புப் பிடிக்க வருவார்கள். திரையில் ஒரு சிப்பாய் தொப்பி இல்லாமல் சல்யூட் அடித்தால் போதும், யாராவது ஒருத்தர் ‘தப்பு!’ என்று கத்துவார். சுபேதார் ஏகாம்பரம் மாமா திரும்பாமலே, ‘இன்னா தப்பு?’ என்பார். கத்தினவர் எழுந்து நின்று சொல்லணும். ‘வெறுந்தலையில சல்யூட் கெடையாது சாப்!’ மாமா கொஞ்சம் யோசித்து, ‘தப்புதான்’ என்று தீர்ப்புச் சொன்னதும் வரிசை மொத்தமும் ஒரே தொண்டையாக, ‘தப்புதான்!’ பரேடு மைதானத்தில் பூட்ஸ் விழுகிற மாதிரி ஒரே சத்தம். தப்பில்லாததைத் தப்பு என்றவர் இண்டர்வெலில் வரிசைக்கே டீ வாங்கித் தரணும். நான் நாலாவது வரிசை இருட்டில் உட்கார்ந்து, ஹவில்தார் ஜெயவேலு மாமாவின் மூக்குக் குரலில், ‘ஹீரோயினோட ஜடை ரூல்ஸ்படி இல்ல சாப்’ என்பேன். ‘யோவ் ஜெயவேலு, பொம்பளப் புள்ளைய விடுய்யா’ என்பார் ஏகாம்பரம் மாமா. ‘நான் வாயே தொறக்கல சாப்’ என்று இவர் அழுவார். உடனே நான் ஏகாம்பரம் மாமா குரலில், ‘டீ வாங்கு’ என்பேன். தியேட்டரே உருளும். அதெல்லாம் போன வருஷம். இன்றைக்கு என் பக்கத்துச் சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கு.

அதனால்தான் இந்த அமைதி. உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டார்கள். ஜெயவேலு மாமா வாயில் போட்ட வேர்க்கடலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றார், அவர் எழுந்ததைப் பார்த்து வரிசையே எழுந்தது, அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, ‘உக்காருங்கண்ணா, நானும் படம் பாக்கத்தான் வந்தேன்’ என்றது. படம் பார்க்க. என் அண்ணன் லோகு மாசியில் செத்துப்போனதிலிருந்து அம்மா தெருவில் இறங்கினதில்லை. கடைக்கு நான், ரேஷனுக்கு நான், கோயிலுக்கு யாருமில்லை. இன்றைக்குக் காலையில் புளி கரைத்துக்கொண்டே, ‘தணிகை, அந்த மிலிட்டரிப் படம் வந்துகீதாமே, என்னக் கூட்டினு போறியா?’ என்று கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை, டிவி நியூஸ்காரரின் குரலில், ‘சற்றுமுன் கிடைத்த தகவல், திருமதி சம்பூர்ணம் அவர்கள்’ என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். சற்றுமுன் கிடைத்த தகவல். எங்கள் வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது. அம்மா புளிச் சக்கையைப் பிழிந்து போட்டது. அப்பாதான் பேப்பரை இறக்கி, ‘வேணாம் சம்பு’ என்றார். ‘நான் உங்கள கேக்கல.’ ‘கேக்கலன்னாலும் சொல்றேன். அது எல்லாம் பொய்யி.’ ‘பொய்யின்னா பாத்துட்டு வரேன், அதுல இன்னா.’ அப்பா, மூணாவது வரிசையிலேயே பெரிய தொண்டை அவருடையதுதான், திரும்பப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, ‘நான் வரல. நீ கூட்டினு போ’ என்றார். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள், நேராகத்தான் இருந்தது, ஆனால் அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எதைப் பார்க்க வந்திருக்கு இந்த அம்மா? அண்ணன் இருந்த இடத்தையா? சாவு எப்படி வரும் என்றா? இல்லை என்னை அனுப்பலாமா வேண்டாமா என்று பார்க்கவா? அடுத்த மாசம் வேலூரில் ஆர்மி செலக்‌ஷன். அப்பா விடியுமுன் என்னை எழுப்பி ஓட விடுகிறார். அம்மா அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை, சரி என்றோ வேண்டாம் என்றோ, ஒரு வார்த்தை பேசினதில்லை.

இப்போது பனிமலை. ஹீரோ தாடியோடு நிற்கிறான், கழுத்து பட்டன் திறந்திருக்கு, உள்ளே பனியனும் இல்லை. சுற்றிலும் வெள்ளை. ‘இந்த மலையோட ஒவ்வொரு கல்லும் என் தாயோட எலும்புடா!’ அடிவயிற்றிலிருந்து எடுத்துத் தொண்டையில் கொஞ்சம் ஜல்லியைக் கலந்தால் இந்தக் குரல் வரும், எனக்கு இப்பவே வாய் ஊறுது, ஆனால் அதை விடுங்கள், இவ்வளவு பெரிய வசனம் பேசுகிறானே, வாயிலிருந்து புகை எங்கே? பனியில் வாயைத் திறந்தால் புகை வரும். அண்ணன் வீடியோ கால் போட்டால் முதலில் முகமே தெரியாது, வெள்ளையாக ஊதுவான், ‘பாருடா, பீடி வாங்காமலே புகை.’ அம்மா அப்பால் இருந்து, ‘பீடி புடிக்கிறியாடா?’ என்று கத்தும், அவன் திரும்ப ஊதுவான். எப்படிடா இருக்கு அங்கே, சண்டையெல்லாம் எப்படி, என்று கேட்டால், ‘இன்னா சண்டை. லைன்ல நிக்கறதுதான். காலையில ரோல் கால் லைன், அப்பறம் சப்பாத்தி லைன், கக்கூசு லைன், போன் பண்ண லைன், லீவு கேக்க லைன்’ என்பான். அவன் ரேஷன் லாரி டிரைவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய், மேலே பங்க்கரில் இருக்கிறவர்களுக்கு ஏற்றிக்கொண்டு போவது. ‘ஒரு மலைக்கே வெங்காயம் நான்தான்’ என்பான். குளிரில் வண்டி கிளம்பாது, அடியில் நெருப்பு மூட்டி ஆயிலைச் சூடாக்கணும், ராத்திரி பங்க்கரில் மண்ணெண்ணெய் அடுப்புப் புகை, காலையில் காறித் துப்பினால் எச்சில் கருப்பாக வரும், பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் ஒண்ணு விட்டு ஒண்ணு சுண்ணாம்பு அடிக்கணும். ‘எதிரி வந்தா சுண்ணாம்பப் பாத்து பயந்துருவானா?’ என்று நான் கேட்டதற்கு, ‘எதிரியும் அங்க சுண்ணாம்புதான்டா அடிச்சினு இருப்பான்’ என்றான். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு. லீவில் வந்தபோது ஒரு தடவை இதே தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு வந்தேன், கிளைமாக்ஸ் சண்டையில் பீரங்கி சத்தத்தில் தியேட்டர் சுவரே அதிருது, இவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், நான் எழுப்பப் போனால் ஏகாம்பரம் மாமா திரும்பி, ‘தூங்கட்டும் விடுறா, இந்தத் தியேட்டர்ல கரெக்ட்டா இருக்கறது இது ஒண்ணுதான்’ என்றார். இந்தத் திரையில் யாரும் தூங்குவதில்லை. யாரும் வெங்காயம் உரிப்பதில்லை. யாருக்கும் மூக்கு ஒழுகவில்லை. அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கு, உதடு லேசாக அசையுது, என்ன முணுமுணுக்குது என்று காதைக் கிட்டே கொண்டுபோனால், ‘கம்பளி சொட்டர் கூட போடல பாரு’ என்கிறது. யாரிடம் சொல்லுது என்று தெரியவில்லை.

குண்டு பாய்ந்துவிட்டது. ஹீரோவின் நண்பனுக்கு. இவன் சாவான் என்று முதல் காட்சியிலேயே தெரியும், பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்று இவன் ஒருத்தன்தான் சொல்லிக்கொண்டே இருந்தான். மடியில் தலையை வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டான், ஐயோ, ‘எங்கம்மாகிட்ட சொல்லு மச்சான்’ என்கிறான், ‘உன் மகன் முதுகுல குண்டு வாங்கல, நெஞ்சுல வாங்கினான்னு சொல்லு’, ரத்தம் அழகாக ஒரு கோடாக வாயோரம் இறங்குது, வயலின், இன்னும் பேசுகிறான், அம்மா என் பக்கத்தில் மூச்சு விடுதா? விடுது. அம்மாவைப் பார்க்காதே. திரையைப் பார். திரையைப் பார்க்காதே. மாமாக்களின் தலைகளைப் பார். குல்லா போட்ட தலை குனிந்திருக்கு. அண்ணன் கடைசியாக என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, லாரியில் அவன் மட்டும்தான். பனி உருகின வளைவு, சக்கரம் வழுக்கிவிட்டது, இவ்வளவுதான் அப்பாவுக்குப் போனில் சொன்னார்கள். அப்பா கட்டிலில் படுத்திருந்தாராம், போன் வந்ததும் எழுந்து, லுங்கியோடு, வெறுங்காலில், விறைப்பாக நின்றுகொண்டு, ‘ஜீ சாப். ஜீ சாப். ஜீ சாப்’ என்றாராம், எதிர்வீட்டு அக்கா பார்த்துச் சொன்னது. நான் கிரிக்கெட் ஆடப் போயிருந்தேன். ஜீ சாப் என்று அப்பா எப்படிச் சொல்லியிருப்பார் என்று என் தொண்டை தானாகச் சொல்லிப் பார்க்குது, அதுவும் அந்தக் குரல் நன்றாக வருது, அதுதான் கஷ்டம், எனக்கு எல்லாமே நன்றாக வருது. சவப்பெட்டியோடு வந்த டிரைவர், அண்ணனின் பழக்கமாம், தெலுங்குக்காரர், அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டுவிட்டேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் லாரி தெரியவில்லையாம், பனியில் வெங்காயம் மட்டும் மேலிருந்து கீழே வரைக்கும் சிதறிக் கிடந்ததாம், அதை அடையாளம் பிடித்துக்கொண்டே இறங்கினார்களாம். இது அம்மாவுக்குத் தெரியுமா தெரியாது. நான் வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்வதில்லை. ஊரில் பேனர் வைத்தார்கள், அண்ணனின் பாஸ்போர்ட் போட்டோ முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் தீ, ஹெலிகாப்டர். ‘அண்ணே, அவன் லாரி ஓட்டுனான்’ என்றேன் ஸ்டுடியோக்காரரிடம். ‘தம்பி, லாரி வச்சா டிராவல்ஸ் விளம்பரம் மாதிரி இருக்கும்பா’ என்றார், அவர்மேல் கோபம்கூட வரவில்லை, அவர் சொன்னதில் தப்பில்லை. இரங்கல் கூட்டத்தில் கவுன்சிலர் மைக்கைத் தட்டி, ‘ஒரு... ரெண்டு... வீரத்தாயே!’ என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை பக்கத்துப் பொம்பளையிடம், குரலை நன்றாகத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ‘சண்டையிலயா, வண்டியிலயா?’ என்றாள். அம்மா திரும்பி, ‘மிலிட்டரியில’ என்றது. அன்றைக்குக் கூட்டத்தில் அம்மா பேசினது அது ஒன்றுதான். அதனால்தான் பயமாக இருக்கு. இவன் நெஞ்சில் குண்டு வாங்கி இவ்வளவு நேரம் பேசிச் சாகிறானே, இதைப் பார்த்துவிட்டு நம்ம பையன் செத்தது சின்னச் சாவு என்று அம்மா நினைத்துவிட்டால்? யாராவது கத்துங்களேன். இவ்வளவு ரத்தம் போனவன் பேச மாட்டான் சாப் என்று ஒருத்தர் எழுந்து சொன்னால் போதும். சொல்ல மாட்டார்கள். அம்மா இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு, பொய்யை எல்லாம் அம்மாவின் மடியில் கொட்டவிட்டுக்கொண்டு, மரியாதை செய்கிறார்கள்.

லைட்டைப் போட்டுவிட்டார்கள். இண்டர்வெல். வரிசை கலைந்து வெளியே போகுது, யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஏகாம்பரம் மாமா மட்டும் ரெண்டு டம்ளர் டீயோடு திரும்பி வருகிறார், கழுத்தில் அந்த விசில் இன்னும் தொங்குது, காலையில் கிரவுண்டில் எங்களை ஓடவிட்டு ஊதுகிற விசில். ஊரில் செலக்‌ஷன் போகிற எல்லாப் பையன்களுக்கும் அவர்தான் மாஸ்டர், அண்ணனுக்கும் அவர்தான், என்னை, ‘லோகு தம்பியா நீ, ஆமை மாதிரி ஓடுறே’ என்பார். ‘இந்தாம்மா சம்பூர்ணம், சக்கர கம்மியா போடச் சொன்னேன். வீட்டுக்குப் போலாமா? படம் ஒண்ணும் சரியில்ல.’ ‘இன்னாண்ணா சரியில்ல?’ அம்மா நிஜமாகத்தான் கேட்டது, டம்ளரை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்து. மாமா வாயைத் திறந்தார். இதுவரைக்கும் ஓடின படத்தில் நாற்பது தப்பு அவர் விரல் நுனியில் இருக்கும், எனக்குத் தெரியும், குண்டு பின், தாடி, ஹெல்மெட்டுக்கு வார் போடாதது, ரோந்துக்குத் தனியாகப் போகிற கேப்டன், பேட்டரியே தீராத வயர்லெஸ், எல்லாம் அவர் நாக்கில் லைன் கட்டி நிற்கும். ‘சவுண்டு ஜாஸ்தி’ என்றார். ‘நீங்கல்லாம் தப்பு தப்புன்னு கத்துவீங்களாமே. இவங்கப்பா வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இன்னிக்கி ஏன் கத்தல?’ ஜெயவேலு மாமா சமோசாவோடு வந்து மாட்டிக்கொண்டார். ‘அது... அதெல்லாம் அந்தக் காலம்மா.’ ‘தீபாவளிக்குக் கூட கத்துனீங்கண்ணா.’ ‘இது நல்ல படம்மா, தப்பே இல்ல’ என்று ஜெயவேலு மாமா உளறினார், ஏகாம்பரம் மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்போது நான் ஏதாவது குரலில் ஏதாவது சொல்லியிருக்கணும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அதற்குத்தானே நான் இருக்கிறேன். எதுவும் வரவில்லை. அம்மா டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ‘மீதியும் பாத்துட்டே போறேன்’ என்றது.

இருட்டு. பாட்டு. ஹீரோயின் மழையில் ஓடுகிறாள், மிலிட்டரி குவார்ட்டர்ஸில் ஊஞ்சல், மல்லிகைப் பந்தல், சரி இருக்கட்டும், கொஞ்ச நேரம் பயமில்லாமல் மூச்சு விடலாம். ஓடுகிறது என்றால் எனக்கு இப்போதெல்லாம் காலையில் ஓடுவதுதான். அண்ணனின் ஷூ எனக்குச் சரியாக இருக்கு, அப்பாதான் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வைத்தார், எடுத்து வைத்தாரே தவிரப் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை, நானும் கேட்காமல் போட்டுக்கொண்டேன், எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்குது. கிரவுண்டில் மூணாவது ரவுண்டில் மூச்சு முட்டும்போது பக்கத்தில் ஓடுகிறவனுக்கு டிரெயின் அறிவிப்பு சொல்லுவேன், ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தணிகைவேல் எக்ஸ்பிரஸ் காலதாமதமாக’, அவன் சிரித்து நின்றுவிடுவான், நானும் நிற்கலாம். மாமா விசில் ஊதுவார். வீட்டுக்கு வந்தால் தட்டில் அவித்த முட்டை இருக்கும். முழுசாக இருக்காது, உரித்து, ரெண்டாக வெட்டி, மிளகுத்தூள் போட்டு. முட்டையை உரித்து வைக்குது என்றால் சரி என்று அர்த்தமா? அண்ணனுக்கும் உரித்து வைத்தது. அப்போது சரி என்று அர்த்தம். இப்போது என்ன அர்த்தம்? கேட்கலாம். அம்மா, நான் போகவா? ஆனால் கேட்டால் என் குரலில் கேட்கணும், என் குரல் அண்ணன் குரல் ஆகிவிட்டது. போன வருஷம் உடைந்து, கரகரவென்று ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நாள் கொல்லைப்பக்கத்திலிருந்து ‘அம்மா’ என்று கூப்பிட்டேன், உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. அவ்வளவுதான், நின்றது. அதற்கப்புறம் வீட்டில் நான் கண்டக்டராகவோ கவுன்சிலராகவோ டிவிக்காரனாகவோதான் பேசுகிறேன். தண்ணி வேண்டும் என்றால்கூட, ‘தாயே, ஒரு சொம்பு தண்ணி’ என்று புராணப் படத்து முனிவர் குரலில். அம்மா சிரிக்கும். பையன் எப்பவும் போல இருக்கான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லும். அந்த வளைவு, பனி, வெங்காயம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் எந்தக் குரலும் இல்லை. கவுன்சிலர் குரலில் சொன்னால் சிரிப்பார்கள். அப்பா குரலில் ‘ஜீ சாப்’ மட்டும்தான் சொல்ல முடியும்.

பாட்டு முடிந்துவிட்டது. ஒரு ஓட்டு வீடு, கோலம், துளசி மாடம், பின்னணியில் புல்லாங்குழல், தெருமுனையில் ஜீப் வருது. ஜீப்பில் ரெண்டு ஆபீசர். செத்த நண்பனின் வீடு. ஐயோ இதைக் காட்டப் போகிறார்கள். அம்மா, எழுந்து போகலாமா, எனக்குத் தலை வலிக்குது என்று சொல்லட்டுமா, சொல்ல வாயைத் திறக்கிறேன், திரையில் அந்த அம்மா, பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்துவிட்டாள். குங்குமத் தட்டு கையிலிருந்து நழுவுது, மெதுவாக, மெதுவாக, குங்குமம் காற்றில் பறக்குது. அவள் ஓடுகிறாள். கூந்தல் அவிழ்ந்து, இரண்டு கையையும் விரித்து, தெரு நீள ஓடுகிறாள், ‘மகனே!’ மூணாவது வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். ‘தப்பு’ என்றது அம்மா. மெதுவாகத்தான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் திரும்பினேன். அம்மாவின் முகத்தில் சிவப்பும் வெள்ளையுமாகத் திரை ஓடிக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணி இல்லை, புருவத்தைச் சுருக்கி, மளிகைக்கடையில் தராசைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. ‘ஓட மாட்டா. எங்க ஓடுறது. அடுப்புல பால் இருந்துச்சு, பொங்கற நேரம். உங்கப்பா ஜீ சாப் ஜீ சாப்னு சொல்றது கேக்குது, எனக்குத் தெரிஞ்சிபோச்சு, தெரிஞ்சிபோச்சு, ஆனா பால எறக்கி வச்சேன். மூடி போட்டேன். கேஸ ஆஃப் பண்ணேன். துணியில கையத் தொடச்சேன். வெளிய வந்துட்டா அது நெஜமாயிடும்னு, மூடி சரியாதான் கீதான்னு இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்தேன்.’ நாலு மாசமாக யாரும் கேட்காதது, யாரிடமும் சொல்லாதது. ‘எவளும் ஓட மாட்டா’ என்றது திரும்ப, திரையில் ஓடுகிறவளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல.

அவள் ஓடி முடித்து நின்றுவிட்டாள். பெரிய ஆபீசர், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுந்தலையில் சல்யூட் அடிக்கிறார், அதற்கும் ஒருத்தரும் கத்தவில்லை. வயலின் நின்று முரசு ஆரம்பிக்குது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், நிமிர்கிறாள், வாசலில் கால்சட்டை போட்ட ஒரு சின்னப் பையனை இழுத்து முன்னால் நிறுத்துகிறாள். ‘அய்யா! எனக்கு இன்னொரு மகன் இருக்கான். இவனையும் கூட்டிட்டுப் போங்க. இந்த மண்ணுக்கு நான் கொடுக்கிற ரெண்டாவது பூ இவன்!’ முரசு. பின்வரிசைப் பையன்கள் கைதட்டுகிறார்கள், விசில் பறக்குது, யாரோ பேப்பரைக் கிழித்து எறிகிறார்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது, முட்டை, ஷூ, மிளகுத்தூள், கைதட்டல் இன்னும் நிற்கவில்லை, பக்கத்துச் சீட்டு படக்கென்று மடங்குகிற சத்தம்.

‘தப்பு!’

அம்மா எழுந்து நிற்குது. அந்தச் சத்தம் அம்மாவினுடையதுதான், ஆனால் அந்தக் குரலை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை, தெருவில் கோழியைத் துரத்தக்கூட அம்மா இவ்வளவு சத்தம் போட்டதில்லை. கைதட்டினவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மூணாவது வரிசைத் தலைகள் ஒன்றொன்றாக நிமிர்ந்தன, யாரும் திரும்பவில்லை. எல்லாரும் ஒரு தலைக்காகக் காத்திருக்கிறார்கள். திரையில் முரசு அடித்துக்கொண்டே இருக்கு. கேளுங்க மாமா. கேட்காமல் விட்டால் அம்மா நின்றுகொண்டே இருக்கும், அப்புறம் உட்காரும், அப்புறம் வீட்டுக்குப் போய் நாளைக்கு முட்டை உரிக்கும். ஏகாம்பரம் மாமாவின் கை கழுத்து விசிலைப் பிடித்திருப்பது தெரியுது.

‘இன்னா தப்பு?’ என்றார், திரும்பாமல்.

அம்மா, இந்த வரிசையில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஆள் மாதிரி நேராக நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னது. ‘ஒருத்தனக் கொடுத்தவ இன்னொருத்தன இழுத்தாந்து முன்னாடி நிறுத்த மாட்டாண்ணா. பின்னாடி ஒளிச்சி வப்பா. ஜீப்பு போற வரிக்கும் அவன் வாய பொத்தி ஒளிச்சி வப்பா. இத எழுதுனவனுக்கு யாரும் சொல்லல போலகீது.’

நானும் மாமாவின் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பையன்களை அனுப்பினவர். ஒருத்தன் இப்போதும் எல்லையில் இருக்கிறான். ஊரில் பாதிப் பேரை விசில் ஊதி அனுப்பினவர். அண்ணனை வேலூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்து எங்கள் வீட்டில் லட்டு சாப்பிட்டவர். இதுவரைக்கும் எந்தத் தப்புக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. திரையில் காட்சி மாறி, ஹீரோ மறுபடியும் பனியில் ஏறிக்கொண்டிருந்தான்.

‘தப்புதான்’ என்றார்.

முதலில் ஜெயவேலு மாமா, மூக்கடைத்துப்போய், ‘தப்புதான்.’ கொஞ்சம் பொறுத்து ஓரத்திலிருந்து ஒருத்தர். அப்புறம் குல்லாக்காரர், இருமிவிட்டு. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தரோடு சேரவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் விழுந்தது.

அம்மா உட்கார்ந்தது. மூச்சு வாங்கியது. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ‘காலையில அப்பா எழுப்புனா எழுந்துக்காத’ என்றது.